கடித்துக் கொடு

டிசம்பர் 10

ஒருவழியாக நட்சத்திரம் கட்டியாயிற்று. மூங்கிலில் ஏறிக் கட்டியது நான்தான். அத்தான் கீழே நின்று "இடப்பக்கம் சாயுது, வலப்பக்கம் சாயுது" என்று அதிகாரம் பண்ணினார். நம் ஊர் நாசரேத்தில் எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தாலே வீட்டுக்கு வீடு நட்சத்திரம் மினுங்கும். பப்புவா நியூகினியின் இந்த மலைப் பள்ளத்தாக்கில் கரண்டே கிடையாது. காகித நட்சத்திரம் சாயங்கால மழையில் ஊறி, நனைந்த கோழி மாதிரி தொங்குகிறது.

ஊழியத்துக்கு வந்து இது முதல் கிறிஸ்மஸ். அத்தானை ரத்தினசிங் பாஸ்டர் என்று ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அவருக்குச் சபை, பள்ளிக்கூடம். எனக்குச் சமையல், பெண்கள் கூட்டம், ஓய்வுநாள் பள்ளி, அப்புறம் அத்தானின் கோபம். கடைசியில் எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், கோபம் இல்லாத மனுஷன் யார்?

வீட்டு வேலைக்குத் தொற்காள் வருகிறாள். வேதத்தில் வருகிற அதே பேர்தான். புருஷன் செத்தவள், பிள்ளை கிடையாது, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். இங்கே பாஸ்டர் பெண்டாட்டிக்கு 'மிசிஸ்' என்று பேர். "கன்னத்துல என்ன மிசிஸ்?" என்று இன்று கேட்டாள். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றேன். அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அதற்குக் கதவே கிடையாது, துணித் திரைதான். அவள் ஏதோ இலையைக் கசக்கித் தடவிவிட்டாள். எரிச்சலில் உயிர் போயிற்று. ஆனால் வீக்கம் வற்றிவிட்டது.

டிசம்பர் 13

கேரல் ரவுண்ட்ஸ் போனோம். பாதி வழியில் ரத்தம்.

ஓடைப் பக்கம் ஒருத்தன் பன்றி இன்னொருத்தன் சீனிக்கிழங்குத் தோட்டத்தை உழுதுவிட்டதாம். எங்களோடு பாடிக்கொண்டு வந்த வாலிபர்கள் அந்த இடத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து நீளக் கத்தியை உருவிவிட்டார்கள். கிட்டார் வாசித்த பையனுக்குக் காது கிழிந்து தொங்கியது. என் வெள்ளைச் சேலையைக் கிழித்துத்தான் கட்டினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அத்தான் கத்திகளுக்கு நடுவில் போய் நின்றார். "என்ன வெட்டிட்டு அப்புறம் அவன வெட்டுங்க" என்றார். எனக்கு ஒரு பக்கம் பயமாக இருந்தது, ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. அப்புறம் ஊர்த் தலைவர் மாகே வந்து, காதுக்கு ஒரு பன்றி என்று தீர்ப்புச் சொல்லிக் கை குலுக்க வைத்தார்.

இவர்களைக் காட்டுமிராண்டி என்று நான் சொல்ல மாட்டேன். வரப்புத் தகராறில் எங்கள் சித்தப்பாவை வெட்டியவன், ஜாமீனில் வந்த பிறகு ஞாயிறு தவறாமல் எங்களுக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து கீர்த்தனை பாடினான்.

சண்டையில் சேராதவன் தலைவரின் தம்பி தீமோ ஒருவன்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து இருமினான். ரொம்ப நாளாக இப்படித்தான் இருமுகிறான். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. சிரிக்கிறான்.

டிசம்பர் 14

மழை. துணி காயவில்லை. அத்தான் பேசவில்லை. சேலையைக் கிழித்தது தப்பாம், அது அவர் அம்மா எடுத்துக் கொடுத்ததாம்.

டிசம்பர் 18

அச்சு முறுக்குப் போட்டேன்! அம்மா பெட்டியில் திணித்துவிட்ட அச்சு துருப்பிடிக்காமல் இருந்தது பெரிய காரியம். மைதா, அரிசி மாவு, முட்டை, சீனி, டப்பாவில் வந்த தேங்காய்ப்பால். முதலில் போட்டவை எல்லாம் அச்சை விடாமல் கெஞ்ச வைத்தன. அச்சு நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பூப்பூவாகக் கழன்று விழுந்தன. தொற்காள் கைதட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தலைவர் வீட்டுக்கு, உபதேசியார் வீட்டுக்கு, கேரலுக்கு வந்த வீடுகளுக்கு என்று தட்டுத் தட்டாக அடுக்கினேன். கிறிஸ்மஸ் பலகாரம் நாலு வீட்டுக்குப் போகாவிட்டால் எனக்குப் பண்டிகை மாதிரியே இருக்காது. தலைவர் தட்டை மூடத் துண்டு எடுத்துவிட்டுத் திரும்பினால், தொற்காள் மேலே இருந்த முறுக்கை எடுத்து ஒரு ஓரம் கடித்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைக்கிறாள்!

"ஐயையோ! என்ன காரியம் பண்ணுத?" தமிழிலேயே கத்திவிட்டேன். அப்புறம் அவர்கள் பாஷையில் பிடி பிடியென்று பிடித்தேன். எச்சில் பண்டத்தையா பெரிய மனுஷர் வீட்டுக்குக் கொடுப்பது? ஆசையாக இருந்தால் கேட்டால் தரமாட்டேனா?

"இல்ல மிசிஸ், கொடுக்கறவங்க..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"பேசாத. தட்டு போய்ச் சேர்ற வரைக்கும் ஒன்னு மேலயும் உன் வாய் படக்கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள். கடித்ததை எடுத்து அவளுக்கே கொடுத்தேன். அவள் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டாள். எச்சில் என்றால் என்னவென்று இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெண்கள் கூட்டத்தில் ஒரு பாடமாகவே வைக்கலாம்.

டிசம்பர் 19

தட்டுகளைத் தொற்காளிடம் கொடுத்தனுப்பினேன். மற்ற வீட்டுத் தட்டுகள் வெறுமையாகத் திரும்பி வந்தன. எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள், ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். போகட்டும். தலைவர் வீட்டுத் தட்டு இன்னும் வரவில்லை. தீமோதான் கையில் வாங்கினானாம், வாங்கிய கையோடு இரண்டு தின்றானாம். "வாங்கும்போது என்னயே பாத்தாங்க மிசிஸ்" என்றாள் தொற்காள். "முறுக்கப் பாத்திருப்பாங்க" என்றேன்.

டிசம்பர் 21

தீமோ செத்துவிட்டான்.

விடியற்காலையில் ரத்தமாகக் கக்கினானாம். அத்தான் ஓடினார், ஜெபம் பண்ணி முடிக்குமுன் மூச்சு நின்றுவிட்டது. மத்தியானம் நானும் போனேன். பெண்கள் உடம்பெல்லாம் களிமண் பூசி, விரலால் முகத்தைக் கீறிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் அழவில்லை. அழாதவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. கூரைக்குக் கீழே என் எவர்சில்வர் தட்டு இருந்தது, மேலே மீதி முறுக்கு. அதைச் சுற்றி ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு எல்லாரும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். தட்டைக் கேட்கலாமா என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டிசம்பர் 22

விடிந்ததும் தொற்காள் அடுக்களைக் கதவைத் தட்டினாள். நெற்றி கிழிந்து ஒரு கண் மூடியிருந்தது. கல் எறிந்திருக்கிறார்கள். வரும் வழியில் திரும்பிப் பார்த்தபோது அவள் குடிசையிலிருந்து புகை வந்ததாம்.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத் தின்னக் கொடுத்தாலும் கொடுக்கிறவர் முதலில் ஒரு கடி கடித்து, விழுங்கி, அப்புறம்தான் கொடுக்க வேண்டும். இதில் விஷம் இல்லை, சூனியம் இல்லை, நான் உனக்குப் பகையாளி இல்லை என்று அதற்கு அர்த்தம். கடிக்காமல் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் மூடிய கண்ணைக் காட்டினாள். சூனியக்காரிக்கு இங்கே சங்குமா என்று பேர். புருஷன் செத்தபோதே அவளுக்கு அந்தப் பேர் ஒரு தடவை விழுந்திருக்கிறது.

"கடிச்சிருக்கலாமே, எனக்குத் தெரியாமலாவது!" என்றேன்.

"சத்தியம் வாங்கினீங்க மிசிஸ்."

எனக்கு அழுகை வந்தது, கூடவே அவள் மேல் ஆத்திரமும் வந்தது. இவ்வளவு ஒழுங்காக யார் சத்தியத்தைக் காப்பாற்றச் சொன்னது? அவளை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்துச் சாக்கைப் போட்டு மூடினேன்.

அத்தானிடம் சொன்னேன். தலைவரிடம் போய், கடிக்காதே என்று சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? பாஸ்டர் பொண்டாட்டி பலகாரத்துல வெசம்னு ஆயிட்டா பள்ளிக்கூடம் நிக்குமா, சபை நிக்குமா? ரெண்டு பேரு தலையும் இங்கனதான் உருளும். வாயத் தெறக்காத."

"அவ தலை உருண்டா பரவாயில்லயா அத்தான்?"

அதற்கு மேல் நடந்ததை எழுத வேண்டியதில்லை. இடது காதில் இரைச்சல் இருக்கிறது, குளிர்காற்றாக இருக்கும்.

டிசம்பர் 23

கொடுத்துவிட்டார்.

நான் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து ஆண்கள் வந்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் அரிசி மூட்டை சரிந்து கிடக்கிறது, சாக்கு வாசலில் கிடக்கிறது.

"விசாரிக்கத்தான் கேட்டாரு தலைவர். கை வைக்க மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்காரு."

"நம்பிக் கொடுத்தியளா?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? கத்தியோட வந்து நிக்கான் வாசல்ல."

பத்து நாளுக்கு முன்னால் கத்திகளுக்கு நடுவில் போய் நின்ற அதே ஆள். அன்றைக்கு எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் கம்பத்தில் அவளைக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நெருப்பு போட்டுக் கம்பி காய்ச்சுகிறார்கள். தட்டைப் பிடித்த கை எது, யார் சொல்லி இதைக் கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டுச் சூடு வைக்கிறார்கள். அவள் என் பேரைச் சொல்லவில்லை. சத்தம் இங்கே வரை கேட்கிறது. அத்தான் கிறிஸ்மஸ் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதுகிறார். கர்த்தாவே, எனக்கு அவரைக் கண்டாலே குமட்டுகிறது. இதை எழுதுகிற என்னைக் கண்டாலும்தான்.

டிசம்பர் 25

கிறிஸ்மஸ். இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது.

நேற்றுக் காலையில் அவள் சத்தம் நின்றுபோயிற்று. சத்தம் கேட்டபோது தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். நின்றதுதான் தாங்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன். அத்தான் குறுக்கே நின்றார். வாசற்கதவைத் திறக்கும்போது தாழ்ப்பாள் பட்டு உதடு வெடித்துவிட்டது. அவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஜெபிப்போம் என்று முழங்கால் போட்டார். அவர் கண்ணை மூடின நேரத்தில் நான் அடுக்களைக் கதவு வழியாக வெளியே போனேன்.

மைதானத்தில் ஊரே இருந்தது. தொற்காளின் தலை தொங்கியது. உள்ளங்கை இரண்டும் கருகி, தோல் உரிந்து, சிவப்பாகத் தெரிந்தது. முதுகில் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அடித்த வரிகள் இருந்தன. அவள் காலடியில் என் எவர்சில்வர் தட்டு. மழையில் முறுக்கெல்லாம் ஊறிப் போயிருந்தது, ஈ மொய்த்தது. ஒருத்தன் கம்பியைத் திரும்ப நெருப்பில் வைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் காதுக்குக் கட்டுப் போட்ட கிட்டார் பையன்தான் அவன்.

என் வாய் நடுங்கவில்லை. எங்கள் தெருக் குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்த வாய் அது.

"அதை நான் செஞ்சேன்!" என்று கத்தினேன். "மாவு கரைச்சது நான், பொரிச்சது நான். அவ கடிக்கத்தான் போனா. கடிக்காதேன்னு திட்டிச் சத்தியம் வாங்கினது நான். எங்க ஊர்ல கடிச்சுக் கொடுத்தா அது அவமானம். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. கொடுத்தவ அவ இல்ல, நான். கம்பிய என் கையில வைங்க!"

கிட்டார் பையன் கம்பியோடு எழுந்தே விட்டான். தலைவர் மாகே கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரே களிமண், கண் மட்டும் வீங்கித் தெரிந்தது. தம்பியைப் பறிகொடுத்த மனுஷன்.

"கொடுத்தவ நீன்னா, கடி" என்றார்.

தட்டைப் பார்த்தேன். தீமோ பாதி தின்றுவிட்டு வைத்த முறுக்கு ஒன்று மேலேயே இருந்தது, அதன் ஓரத்தில் ரத்தக் கறை. செத்தவன் எச்சில். எறும்பைத் தட்டி, ஈயை விரட்டி, அதைத்தான் எடுத்துக் கடித்தேன். மென்றேன். என் உதட்டு ரத்தமும் சேர்ந்து உப்பாக இருந்தது. விழுங்கிவிட்டு இன்னொன்று எடுத்துத் தின்றேன். வாந்தி தொண்டை வரைக்கும் வந்தது, அதையும் விழுங்கினேன்.

"உக்காரு" என்றார் தலைவர். கம்பத்துக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தேன். எல்லாரும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் சாகிறேனா என்று பார்க்க ஒரு ஊரே உட்கார்ந்து காத்திருந்தது. மழை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. தொற்காளின் காலைப் பிடித்துக்கொண்டேன். கணுக்காலில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. வயிறு கடமுட என்றபோதெல்லாம், முறுக்கில் நிஜமாகவே ஏதாவது இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பயத்தில் புத்தி அப்படியெல்லாம் போகிறது.

வெளிச்சம் குறையும் நேரத்தில் கூட்டத்திலிருந்து தலைவரின் பெண்சாதி எழுந்து வந்தாள். அதுவரைக்கும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவள்.

"நானும் தின்னேன்" என்றாள். "பிள்ளைங்களும் தின்னாங்க. தீமோ ரெண்டு தின்னுட்டு வச்சதும் அடுத்துத் தின்னது பிள்ளைங்கதான். தின்னும் சாகலன்னு சொன்னா என்னயும் சங்குமான்னு கட்டுவீங்கன்னு சொல்லல."

தலைவர் எழுந்து அவளை ஓங்கி ஒரு அறை விட்டார். அவள் விழுந்தாள், எழுந்தாள், அவர் இடுப்பிலிருந்தே கத்தியை உருவினாள். அவள் நேரே வந்து தொற்காளின் கட்டை அறுத்தாள். யாரும் தடுக்கவில்லை. கிட்டார் பையன் கம்பியைச் சேற்றில் வீசிவிட்டுப் போனான்.

நாங்கள் இரண்டு பேருமாகத் தொற்காளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். வாசலில் அத்தான் குடையோடு நின்றார். "பாத்தியா, நம்ம ஜெபத்துக்குப் பதில் கெடச்சுது" என்றார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

இன்று ஆராதனை நடந்தது. நான் போகவில்லை. தொற்காளின் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்று, நாளைக்கு மிஷன் விமானம் வரும்.

டிசம்பர் 26

விமானம் வந்தது. சரக்கு போக, படுத்த நோயாளி ஒருவருக்கும் துணைக்கு ஒருவருக்கும்தான் இடம். நான் போகிறேன் என்றேன்.

"வருஷப் பிறப்பு ஆராதனைக்கு வந்துருவல்லா?" என்றார் அத்தான். விமானி தள்ளிப் போனதும் கிட்டே வந்து, சத்தத்தைக் குறைத்து, "அங்கன போயி ஒண்ணும் ஒளறி வைக்காத. ஒதட்டுல என்னன்னு கேட்டா தாழ்ப்பாள் பட்டுதுன்னு சொல்லு, என்ன?" என்றார்.

நான் இந்த நோட்டில் எழுதியதைப் பார்க்காமலே அவருக்கு அதே வார்த்தை தெரிந்திருந்தது. இத்தனை நாள் அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விமானம் மேலே ஏறும்போது கீழே பார்த்தேன். நட்சத்திரம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

டிசம்பர் 27

டவுன் ஆஸ்பத்திரி. மின்விசிறி ஓடுகிறது. தொற்காள் பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். இரண்டு கையும் பொட்டலமாகக் கட்டியிருக்கிறது. விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

டாக்டரம்மா இந்த ஊர்க்காரிதான், கறாரான ஆள். தொற்காளைப் பார்த்து முடித்துவிட்டு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டைப் பார்த்தாள், காதுக்குள் பார்த்தாள். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றாள். "யாரு செஞ்சது? அந்தக் கூட்டமா?"

கூட்டம் என் மேல் ஒரு விரல் வைக்கவில்லை. தாழ்ப்பாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து தொற்காள் முந்திக்கொண்டாள்.

"பாஸ்டர்" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கம்பி வைத்தபோதுகூட என் பேரைச் சொல்லாத வாய், எனக்காகச் சொல்லிவிட்டது.

"ஆமா" என்றேன். "என் புருஷன்தான். கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து." சொன்னதும் அழுதேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

நான் திரும்பிப் போக மாட்டேன். இதை இங்கேயே எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனசு மாறினால் எடுத்துப் படிக்க.

சாயங்காலம் ரொட்டியும் தேநீரும் கொடுத்தார்கள். தொற்காளால் பிடிக்க முடியாது. பிட்டு வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். பசியில்லையா, வலிக்கிறதா என்று என்னென்னவோ கேட்டேன். தலையை ஆட்டினாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

ரொட்டியில் ஒரு ஓரம் கடித்தேன். தையல் போட்ட உதடு இழுத்தது. மென்று, அவள் பார்க்க விழுங்கிவிட்டு, அந்த எச்சில் ரொட்டியை நீட்டினேன்.

வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.